நாலு மணி டீ

இது நடந்தது. நம்பிக்கை வராதவர்கள் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் போய், "ஒத்தத் தோட்டா வீடு எது?" என்று கேட்டுப் பார்க்கலாம். வழி சொல்வார்கள். கூட வரமாட்டார்கள்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை, கண்ணுகளா. ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் நகர்ந்து, சுவரோரமாக உட்காருங்கள். ஏன் என்று இப்போது கேட்க வேண்டாம்.

நகர்ந்தாயிற்றா? சரி.

ஹேமாவதிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை. காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் முதுகை நிமிர்த்துவாள். கம்பெனி வேன் அவளை ஏரிக்கரையில் இறக்கிவிடும்போது தெரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதற்கப்புறம் உலை வைக்க வேண்டும், துணி அலச வேண்டும், மறுநாளைக்குக் குழம்பு கூட்ட வேண்டும். புருஷன் ஒரு விஷ ஜுரத்தில் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அதற்கப்புறம் படுக்கையில் விழுந்த அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து, அவரையும் அனுப்பி வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவளை உட்காரவைத்து ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்தவர்கள் யாரும் இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த அப்பாதான் ஒத்தத் தோட்டா. சுபேதார் பரந்தாமன்.

பட்டாளத்தில் ஸ்னைப்பர் என்று சொல்வார்கள். ஒளிந்து படுத்திருந்து, வெகு தூரத்திலிருந்து, ஒரே தோட்டாவில் ஆளைச் சாய்க்கிறவர். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சண்டையில், பனிமலை உச்சியில், எதிரிப் பட்டாளத்தின் பேர்போன ஸ்னைப்பர் ஒருவனை அவர் சுட்டு வீழ்த்தினார் என்று பதக்கம் கொடுத்தார்கள். அந்த எதிரி நம் ஆட்களைத் தலை தூக்கவிடாமல் பல நாள் அடித்துக்கொண்டிருந்தானாம். பரந்தாமன் போனார். ஒரே குண்டு. முடிந்தது. ஆவடியில் டீக்கடைக்கு டீக்கடை அந்தக் கதை வளர்ந்தது. ஒருவன் முப்பது பேரைச் சுட்டார் என்பான். இன்னொருவன் நூறு என்பான். அவர் மட்டும் வாயைத் திறந்ததில்லை.

ஆனால் சில பழக்கங்கள் இருந்தன.

ஹாலில் அவருக்கென்று ஒரு தேக்கு நாற்காலி. ஜன்னலிலிருந்து தள்ளி, உள்சுவரை ஒட்டி, இருட்டான மூலையில்தான் கிடக்கும். எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் ஜன்னல் பக்கம் இழுத்துப் போடவே மாட்டார். வருஷக்கணக்காக அங்கேயே கிடந்ததில், சிவப்புச் சிமெண்டுத் தரையில் நாலு கால்களும் நாலு வட்டமாகப் பதிந்து போயிருந்தன.

கால் நடமாட்டம் இருந்தவரைக்கும், மத்தியானத்துக்கு மேல் மொட்டை மாடிக்குப் போவார். ஒரு கோணிச் சாக்கை நனைத்துக் கைப்பிடிச் சுவரோரம் விரிப்பார். சாக்கு ஈரமாக இருந்தால் தூசி எழும்பாதாம். சுடுகிற இடம் காட்டிக்கொடுக்காதாம். அதன்மேல் குப்புறப் படுத்து, மழைத் தண்ணீர் போகிற ஓட்டை வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருப்பார். துப்பாக்கி ஒன்றும் கிடையாது. வெறும் பார்வைதான்.

"இன்னா நைனா பாக்குற?" என்று ஹேமாவதி ஒரு தடவை கேட்டாள்.

"வரானான்னு பாக்குறேன்."

"யாரு?"

அவர் ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எதிரே கிழக்குப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எழும்ப ஆரம்பித்தது. ஏதோ வழக்கில் மாட்டிப் பாதியிலேயே நின்றுவிட்டது. கதவு, ஜன்னல், கண்ணாடி எதுவும் வைக்கவில்லை. வெறும் சதுர ஓட்டைகள். படுக்கையில் கிடந்த பரந்தாமன் அதைப் பார்த்து ஒன்று சொன்னார்.

"இப்பதான் அவனுக்குக் குந்த எடம் கெடச்சிது."

புத்தி தடுமாறிவிட்டது என்று ஹேமாவதி நினைத்துக்கொண்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய மூச்சு. பாதி மூச்சை வெளியே விடுவார். அப்படியே நிறுத்துவார். ஹேமாவதி பக்கத்தில்தான் படுத்திருப்பாள். போய்விட்டாரோ என்று எழுந்து மூக்கருகே கை வைத்துப் பார்ப்பாள். கொஞ்ச நேரம் கழித்து மீதி மூச்சு வரும். "பாதி உட்டு நிறுத்துனாத்தாம்மா கை ஆடாது" என்றார் ஒரு நாள். தூக்கத்திலும் அவர் குறிபார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

போன வருஷம் வைகாசியில் மீதி மூச்சு வரவில்லை.

இந்த வருஷம் முதல் தெவசத்துக்கு அஜித்குமார் லீவில் வந்தான். ஹேமாவதியின் ஒரே பிள்ளை. அவனும் பட்டாளம்தான், தாத்தா இருந்த அதே பட்டாளம். முகம், கழுத்து, உட்காருகிற தோரணை எல்லாம் தாத்தாவை உரித்து வைத்தது போல. தாத்தா பேருக்குத் தெருமுனையில் ஒரு கல் வைக்கப் போகிறார்கள். ஓய்வுபெற்ற ராணுவ வீரர்கள் சங்கம் ஏற்பாடு செய்திருந்தது.

வந்த அன்றைக்கே சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் விஷயத்தைச் சொன்னான்.

"மா, ஸ்னைப்பர் கோர்ஸுக்கு என் பேரு போய்க்கீது. பரந்தாமன் பேரனான்னு கேட்டாரு ஆபீசர். அவ்ளோதான், வேற எதுவும் கேக்கல."

ஹேமாவதி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "வேணாண்டா."

"ஏம்மா?"

"அது அவரோட போவட்டும். எனக்கு நீ முழுசா வேணும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது இருந்த ஒரே ஆசை அதுதான், கண்ணுகளா. பிள்ளை முழுசாக இருக்க வேண்டும். வேறு எதையும் கேட்கத் தெம்பில்லை.

மறுநாள் காலை, வேனுக்கு ஓடுகிற அவசரத்திலும் ஒன்று கண்ணில் பட்டது. அப்பாவின் நாற்காலி இடம் மாறியிருந்தது. அதிகமில்லை, ஒரு சாண்தான். தரையில் நாலு வட்டங்களும் தனியாகத் தெரிந்தன.

பிள்ளை இழுத்துப் போட்டிருப்பான் என்று நினைத்துப் பின்னால் தள்ளினாள். மகனுக்கு ஃபிளாஸ்கில் டீ ஊற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

இரவு வந்தபோது தொட்டியில் தாத்தாவின் எனாமல் குவளை கிடந்தது. வெள்ளையில் நீல விளிம்பு. பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்தது. பரணில் அல்லவா இருந்தது?

"டீ சூப்பரு மா" என்றான் அஜித் போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளுக்குக் கால் கடுத்தது. ஒன்றும் கேட்காமல் குவளையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அடுத்த நாள் நாற்காலி ஒரு முழம் முன்னால் வந்திருந்தது.

"டேய், அத எதுக்குடா இழுக்குற?"

"நான் எங்க இழுத்தேன்? நீதான காத்து வரட்டும்னு போட்டு வெச்சிக்கீற?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேன் ஹாரன் அடித்தது. அவள் ஓடினாள்.

வியாழக்கிழமை விடிகாலை துணி காயப்போட மாடிக்குப் போனாள். கைப்பிடிச் சுவரோரம், அந்த ஓட்டைக்கு நேராக, ஒரு கோணிச் சாக்கு விரித்துக் கிடந்தது. அக்கினி நட்சத்திர வெயில். ராத்திரி முழுக்கத் தளம் கொதித்துக்கொண்டிருந்தது. சாக்கு மட்டும் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது.

அப்பாவின் சாக்கைக் கருமாதி முடிந்த கையோடு குப்பை வண்டியில் போட்டவள் அவளேதான். அவளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. அதே சாக்கின் ஓரத்தில், அவள் பச்சை நூலால் போட்ட ஒட்டுத் தையலும் அப்படியே இருந்தது.

கொடிக் கம்பியின் முனையில் ஒரு துண்டுத் துணி கட்டியிருந்தது. விரல் அகலம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதற்கு அப்பா கட்டுவார். அது அவளுடைய புடவையின் ஓரம். உள்ளே போய்ப் புடவையை எடுத்துப் பார்த்தாள். கிழிந்திருந்தது.

பக்கத்து வீட்டு புஷ்பா மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"மாடிக்கு யார்னா வந்தாங்களா புஷ்பா?"

"உன் புள்ளதான் வந்துகினு போய்கினு கீறான்."

"அவனா?"

"தாத்தா மாதிரியே குப்புறப் படுத்துனு... நானே ஒரு நிமிஷம் பெருசு எழுந்து வந்துட்டாரான்னு பயந்துட்டேன். தொப்பிகூடப் போட்டுனு கீறான்."

அஜித்திடம் தொப்பி கிடையாது. லீவுக்கு வருகிறவன் அதையெல்லாம் கொண்டுவரமாட்டான்.

சனிக்கிழமை இரவு அவள் வந்தபோது வீட்டில் விளக்குப் போடவில்லை. அஜித் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாற்காலி ஹாலின் நடுவைத் தாண்டியிருந்தது. ஜன்னலுக்கு இன்னும் நாலடிதான். அவன் உடம்பில் தாத்தாவின் பச்சைக் கம்பளி ஸ்வெட்டர்.

"இன்னாடா இது, மே மாசத்துல?"

"குளுருதும்மா."

"ஜுரமா?" நெற்றியைத் தொட்டாள். ஜுரம் இல்லை. ஆனால் உடம்பு ஜில்லிட்டிருந்தது. அந்தச் சாக்கு மாதிரி.

"நாலு மணி டீ குடிச்சாதான் கொஞ்சம் சூடு வருது" என்றான். "எப்டிமா சூடாவே வெச்சிட்டுப் போற?"

"எங்க வெச்சேன்?"

"ஜன்னல் கட்டை மேல. டெய்லி. நாலு மணிக்கு. தாத்தா மக்குல. ஆவி பறக்குது."

நாலு மணிக்கு அவள் அம்பத்தூரில் காலர் தைத்துக்கொண்டிருப்பாள்.

ஹேமாவதி சமையலறைக்குப் போய் ஃபிளாஸ்கைத் திறந்தாள். காலையில் ஊற்றியது காலையில் ஊற்றியபடியே இருந்தது. வாய் வரை நிறைய. ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது.

பாருங்கள், அங்கேதான் தப்பு நடந்தது. அம்மா போட்டது என்று பிள்ளை குடித்தான். பிள்ளையே சுட வைத்துக் குடிக்கிறான் என்று அம்மா நினைத்தாள். ஒருவருக்கு ஒருவர் டீ வைத்துவிட்டுப் பேசாமல் போகிற வீடு அது. அந்தச் சின்ன இடைவெளி போதுமாயிருந்தது, நடுவில் ஒருவர் வந்து குவளையை வைப்பதற்கு.

ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. பகலெல்லாம் வீட்டில் இருக்காதே என்று சொல்லி அஜித்தை ஆவடியில் இருக்கும் சிநேகிதர்களிடம் அனுப்பி வைத்தாள். நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளி, நாலு கால்களையும் நாலு வட்டத்தில் பொருத்தினாள். ஸ்வெட்டரை பீரோவில் வைத்துப் பூட்டினாள். குவளையைப் பரணில் போட்டாள். நாலு மணி வரைக்கும் விழித்திருந்து பார்த்துவிடுவது என்று மத்தியானம் ஹாலிலேயே பாயை விரித்தாள்.

ஆனால் ஆறு நாள் மிஷின் மிதித்த உடம்பு. தலை சாய்ந்ததும் கண் மூடிக்கொண்டது. அவளைக் குற்றம் சொல்லாதீர்கள்.

குளிரில்தான் விழிப்பு வந்தது.

மின்விசிறி ஓடவில்லை. கரண்ட் போயிருந்தது. ஆனாலும் குளிர். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு அடிக்கப் போகிறது.

நாற்காலி ஜன்னலை ஒட்டி இருந்தது.

அதில் அஜித்.

எப்போது வந்தான்? கதவு தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது. பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தான். முதுகு நேராக. முகம் வெளியே பார்த்தபடி. கண் திறந்திருந்தது... இமைக்கவில்லை.

ஜன்னல் கட்டையில் வெள்ளைக் குவளை. ஆவி பறந்தது.

"அஜித்து..."

திரும்பவில்லை. கை மட்டும் குவளையை எடுத்தது. ஒரு வாய் உறிஞ்சியது. வைத்தது.

வெளியே பார்த்தாள். மேற்கு வெயில் வீட்டுக்குப் பின்னாலிருந்து அடித்தது. எதிரே பாதியில் நின்ற கட்டடம் முழுக்க மஞ்சள் வெளிச்சம். மூன்றாவது மாடி. சதுர ஓட்டை. உள்ளே இருட்டு.

இருட்டுக்குள் ஒன்று மினுக்கியது.

கண்ணாடியில் வெயில் பட்டது போல.

அந்தக் கட்டடத்தில் கண்ணாடியே இல்லை.

அப்போதுதான் மேலே சத்தம் கேட்டது.

சர்ர்ர்...

ஈரச் சாக்கு தளத்தில் இழுபடுகிற சத்தம்.

சர்ர்ர்... மாடி ஓரத்துக்கு. ஓட்டைக்கு நேராக.

நின்றது.

அப்புறம் மூச்சு. கூரைக்கு மேலே. ஆனால் காதுக்குள்ளே கேட்டது. அவள் எத்தனையோ ராத்திரி காது கொடுத்துக் கேட்ட மூச்சு.

பாதி வெளியே வந்தது...

நின்றது.

அந்த நிறுத்தம் எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

பாய்ந்தாள். பிள்ளையின் தோளைப் பிடித்து நாற்காலியோடு சாய்த்தாள்.

டங்.

குவளை எகிறி உள்சுவரில் மோதி விழுந்தது.

எதிர்க் கட்டடத்திலிருந்து புறாக்கள் மொத்தமாகப் பறந்தன.

அப்புறம் ஒன்றுமில்லை.

கூரைக்கு மேலே மீதி மூச்சு மெதுவாக வெளியே வந்தது. அதோடு ஒரு சத்தம்.

"ச்ச்..."

மாத்திரை கொடுக்க நேரமானால் அப்பா சலிப்போடு உச்சுக் கொட்டுவார். அந்தச் சத்தம்.

அவ்வளவுதான். கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது. அஜித் தரையில் கிடந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"தூங்கிட்டனா மா? எப்ப ஊட்டுக்கு வந்தேன்?"

அவள் அவன் தோளையும் மார்பையும் தடவிப் பார்த்தாள்.

"கனவு மா. தாத்தா வந்தாரு. தோள்ல கைய வெச்சி, 'குந்துடா, டீயக் குடி, நான் பாத்துக்கிறேன்'னாரு."

ஹேமாவதி மாடிக்கு ஏறிப் போனாள். சாக்கு இருந்தது. ஈரத்தில் இரண்டு குழிகள். முழங்கை ஊன்றிய அளவு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் மெல்ல நிரம்பிச் சமமாயின.

கீழே வந்து குவளையை எடுத்தாள். நீல விளிம்பில் ஒரு இடத்தில் எனாமல் சில்லு பெயர்ந்து, கறுப்பு இரும்பு தெரிந்தது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

தெவசம் முடிந்து கல் திறந்தார்கள். மாலை, மைக், தேசியக் கொடி. தாத்தாவின் வீரத்தைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். வேலப்பன்சாவடியிலிருந்து ஜெகதீசன் வந்திருந்தார். பட்டாளத்தில் பரந்தாமனோடு இருந்தவர். அந்த மலையில் பக்கத்தில் படுத்து தூரக் கண்ணாடி பிடித்தவர். அவரையும் பேசச் சொன்னார்கள். கை கூப்பி மறுத்துவிட்டார். கூட்டம் கலைந்ததும் தடியை ஊன்றிக்கொண்டு ஹேமாவதி வீட்டுக்கு வந்தார்.

உள்ளே வந்தவர் ஹாலைப் பார்த்தார். ஜன்னலோரம் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். அதன் மேல் கிடந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இத யாரும்மா இங்க போட்டது?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முடித்ததும் அஜித்தைக் கடைக்கு அனுப்பச் சொன்னார். அவன் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்த எதிரி எங்க கீறான்னு கண்டுபுடிக்கவே முடியலம்மா. அவன் சுட்டாத்தான் எடம் தெரியும். அவன் சுடணும்னா ஆளு தெரியணும். உங்க அப்பா ஒரு வழி கண்டுபுடிச்சாரு."

"இன்னா வழி?"

"எழில்னு ஒரு பையன். குடியாத்தம் பக்கம். புதுசா வந்தவன், உங்க அப்பான்னா உயிரு. அவனுக்குத் தன் ஸ்வெட்டரக் கழட்டி மாட்டி உட்டாரு. பாறை ஓரமா, வெளிச்சத்துல குந்த வெச்சாரு. கையில சூடா டீ. 'நீ குந்து, டீயக் குடி, நான் பாத்துக்கிறேன்'னாரு. நாலு மணிக்கு எங்களுக்கு முதுகுப் பக்கம் வெயிலு. அந்த எதிரியோட துப்பாக்கிக் கண்ணாடில மினுக்கும். அதுக்குத்தான்."

ஹேமாவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பையன் மூணு வாய் குடிச்சான்" என்றார் ஜெகதீசன். "சத்தம் வந்துச்சு. பையன் சாஞ்சான். உடனே உங்க அப்பா சுட்டாரு. எங்களுக்குப் பதக்கம் வந்துது."

"அந்த எதிரி?"

ஜெகதீசன் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மறுநாள் ஏறிப் போய்ப் பாத்தோம். ஈரச் சாக்கு ஒண்ணு விரிச்சிக் கெடந்துது. ஒரு வெத்துத் தோட்டா. ரத்தம் இல்ல, ஆளு இல்ல. கீழ வந்து செத்துட்டான்னு எழுதிக் குடுத்தோம். உங்க அப்பா அதுக்கப்புறம் எந்த ஜன்னல் பக்கத்துலயும் குந்தல."

போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். "உங்க அப்பா உட மாட்டாரும்மா. எடுத்த வேலைய முடிக்காம உட்ட மனுஷன் இல்ல அவரு. அதுக்கு அவருக்கு எப்பவும் ஒருத்தன் வேணும்."

அஜித் கிளம்புகிற அன்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. கோர்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். சரி என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான்.

நாற்காலியை நாலு வட்டத்தில் போட்டாள், குவளையைப் பரணிலும் ஸ்வெட்டரை பீரோவிலும் வைத்தாள். வீடு அமைதியாக இருந்தது. சாக்கு இல்லை, டீ இல்லை. முடிந்தது என்று அவள் நினைத்த நேரத்தில், எல்லையிலிருந்து அஜித் போன் செய்தான்.

"மா, இங்க ஒரு தமாசு. டெய்லி நாலு மணிக்கு என் போஸ்ட்டுல யாரோ டீ வெச்சிட்டுப் போறாங்க. யாரக் கேட்டாலும் தெரியாதுன்றானுங்க."

"எதுல வெக்கிறாங்க?"

"வெள்ளை மக்கு. நீல ஓரம். தாத்தாது மாதிரியே கீது. ஓரத்துல ஒரு சில்லு பேந்து கீது."

"குடிச்சியா?"

"இன்னிக்கு ஒரு வாய் குடிச்சேன். ஏம்மா?"

"இனிமே தொடாத. பாறை ஓரம், ஜன்னல் ஓரம் எங்கயும் குந்தாத. அம்மா மேல ஆணை."

போனை வைத்துவிட்டுப் பரணில் தேடினாள். குவளை இல்லை.

அன்று ராத்திரி முழுக்க அவள் யோசித்தாள் என்று நான் சொன்னால் அது பொய். யோசிக்க அதிகம் இல்லை. அவருக்கு எப்பவும் ஒருவர் வேண்டும். இங்கே ஆள் இல்லாததால் அங்கே போயிருக்கிறார். அவ்வளவுதான் கணக்கு.

கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கெஞ்சி, விடிகாலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டாள். மூன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் நாள் வந்து முகம் கழுவினாள். பீரோவைத் திறந்து பச்சை ஸ்வெட்டரை எடுத்துப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டாள். நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்து ஜன்னலோரம் போட்டாள். உட்கார்ந்தாள்.

"நைனா" என்றாள் கூரையைப் பார்த்து. "நான் குந்திக்கீறேன். புள்ளைய உட்டுடு."

கண்ணை மூடித் திறந்தாள்.

ஜன்னல் கட்டையில் வெள்ளைக் குவளை. ஆவி பறந்தது.

எடுத்து ஒரு வாய் குடித்தாள். நல்ல திக்கான டீ. சர்க்கரை சரியாக இருந்தது. இஞ்சிகூடத் தட்டிப் போட்டிருந்தது. யாரோ போட்டுக் கொடுத்த டீ. அவளுக்கு அது எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடைசியாகச் சாப்பிடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அஜித் அடுத்த வாரம் போன் செய்தான். டீ வருவது நின்றுவிட்டதாம்.

அதற்கப்புறம் தினமும் அவள் உட்காருகிறாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒரு பொம்பளை ஜன்னலோரம் டீ குடிக்கிறாள். பாவம், அப்பா போன துக்கம் என்கிறார்கள். கூரைக்கு மேலே மூச்சு வருகிறது, பாதியில் நிற்கிறது, பிறகு மீதி வருகிறது. எதிரே மூன்றாவது மாடியில் எப்போதாவது ஒரு மினுக்கு. இன்றுவரைக்கும் சத்தம் வரவில்லை.

போன வாரம் புஷ்பா ஓடி வந்தாள். எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன் உத்தமன் வேலையை விட்டுவிட்டுப் போகிறானாம். அவன் சொன்னதை ஹேமாவதியிடம் சொல்லாமல் புஷ்பாவால் இருக்க முடியவில்லை.

"மூணாவது மாடில ஒரு சாக்கு கெடக்குதாம் ஹேமாக்கா. நனைஞ்ச சாக்கு. அங்கதான் தண்ணி லைனே இல்லியே. தூக்கிக் கடாசுனா மறுநாளு திரும்ப வந்து கெடக்குதாம்."

ஹேமாவதி பச்சை ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதுகூடப் பரவால்ல. அது மேல வெள்ளையா ஒட்டிக்குனு கீதாம். உப்புன்னு நெனச்சி தொட்டிருக்கான். கையெல்லாம் மரத்துப் போச்சாம். அப்டியே அவன் கண்ணு முன்னாடி கரைஞ்சி தண்ணியா ஓடிச்சாம். ஐஸுக்கா. பனி. இந்த ஊர்ல, இந்த வெயில்ல..." புஷ்பா குரலைத் தாழ்த்தினாள். "நேத்து ரெண்டு முழங்கை தடம் இருந்துச்சாம். உங்க ஜன்னலப் பாத்த மாதிரி."

ஹேமாவதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஸ்வெட்டரின் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டாள்.

"நாலாவப் போவுது புஷ்பா. நீ கெளம்பு" என்றாள். "டீ ஆறிடும்."